விருந்தாளிக் குடம்

ஒரு காட்டில் மேடு என்று ஒரு பக்கம், பள்ளம் என்று ஒரு பக்கம். எந்தக் காட்டில்தான் இல்லை என்று கேட்பீர்கள், கேளுங்கள். மற்ற இடத்திலெல்லாம் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். இந்தக் காட்டில் மட்டும் அது மோட்டார் போட்டுக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி மேட்டுக்கு ஏறிப் போகும். மேட்டில் சிங்கராஜா இருந்தார். அவர் குளிக்க ஒரு குளம், அவர் குளிக்கிற அழகைப் பார்க்க வருகிறவர்கள் கால் நனைக்க இன்னொரு குளம். யானைகள் காலையும் மாலையும் ஷவரில் நின்றன. காண்டாமிருகத்தின் புல்தரையில் பொழுதுக்கும் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்தது. இதெல்லாம் முடிந்து கழிவாகிறதே, அது மட்டும் பெரியவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காகப் பள்ளத்துக்கு இறங்கி வந்தது.

பள்ளத்தில் யார் இருந்தார்கள்? மேட்டில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். மேட்டுக் குளத்தைக் கழுவுகிற நண்டுகள், மேட்டுக் குப்பையை வாருகிற காக்கைகள், மேட்டு மூட்டையைச் சுமக்கிற கழுதைகள், மேட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குகிற பெருச்சாளிகள். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு அடிபம்பு. அதை அடித்தால் முதலில் இருமும், பிறகு ஏப்பம் விடும், அப்புறம் மஞ்சளாக ஏதோ வரும். அதற்குக் குடிதண்ணீர் என்று பேர் வைத்திருந்தது கானக நீர் வாரியம். சாக்கடைக் குழாயும் தண்ணீர்க் குழாயும் மண்ணுக்குள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தன, இரண்டிலும் ஓட்டை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். வாரியத்தில் எல்லாருக்கும் படிப்பு இருந்தது.

எருமை ஓட்டுகிற லாரி ஒன்று எப்போதாவது நல்ல தண்ணீர் கொண்டுவரும். வந்தால் வரும், வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. வந்த அன்றைக்குக் குடமும் குடமும் முட்டிக்கொள்ளும், வாலைப் பிடித்து இழுப்பதும் காதைக் கடிப்பதும் நடக்கும். அத்தனை அடிதடிக்கும் பிறகு வீட்டுக்கு ஒரு குடமோ அரைக் குடமோ தேறும்.

அந்தத் தண்ணீரைப் பள்ளத்துக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? குடிக்க மாட்டார்கள். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவார்கள். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரசித் தெளிய வைப்பார்கள். தெளிந்ததைக் காய்ச்சி, ஆற்றி, புளி போட்டுத் தேய்த்த ஒரு குடத்தில் ஊற்றி, தட்டு போட்டு மூடி மூலையில் வைப்பார்கள். அதற்கு விருந்தாளிக் குடம் என்று பேர். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அதிலிருந்து மொண்டு கொடுப்பார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு மானம் வருகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

பம்புக்கு எதிர் வளையில் தேசம்மா என்று ஒரு பெருச்சாளி இருந்தாள். அவள் புருஷன் மேட்டுச் சாக்கடைக்குள் இறங்கினவன், ஏறி வரவில்லை. மூத்த பிள்ளையைப் போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது மோகனா ஒருத்திதான். இப்போது அவளுக்கும் அதே வயிற்றுப்போக்கு. தர்மாஸ்பத்திரி ஆந்தை டாக்டர் கழுத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, "புள்ளைக்கு நல்ல தண்ணி மட்டும் குடு. பம்புத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதே" என்று சொல்லி அனுப்பினார். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. தேசம்மா பெற்ற வயிறு, சும்மா இருக்குமா? ஊர்ப் பழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விருந்தாளிக் குடத்திலிருந்தே கரண்டி கரண்டியாக எடுத்து மோகனாவுக்குப் புகட்டினாள்.

அந்த வருஷம் பள்ளத்தில் இப்படிப் படுத்த பிள்ளைகள் நிறைய. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் ஒரு நாள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய், ராஜா உலா போகிற சாலையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். ராஜா வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வாரியத்திலிருந்து பதில் வந்தது. "தண்ணீரைச் சுத்தமாகத்தான் அனுப்புகிறோம். உங்கள் குடம்தான் அழுக்கு."

மேட்டில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பள்ளத்துக்காரிகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டினி என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். பாத்திரம் தேய்க்கத் தெரியாதவள் என்று சொன்னால் பொறுப்பார்களா? எழுந்திருக்க மாட்டோம் என்று இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் வார்டு மெம்பர் தணிகாசலம் நாற்காலியும் கையுமாக வந்தார். அவர் உடும்பு. ஜெயித்த அன்று நாற்காலியைப் பிடித்தவர், குளிக்கக்கூட விட்டதில்லை. "ஒரு ஆபீசர் வந்து உங்க தண்ணியைப் பிடிச்சுட்டுப் போய் சோதிப்பாரு. கெட்டதுன்னு வந்துச்சுன்னா மேட்டுக்குப் போற குழாய்லேர்ந்து உங்களுக்கு ஒரு கிளை. நல்லதுன்னு வந்துச்சுன்னா இனிமே யாரும் வாயைத் தொறக்கக் கூடாது" என்றார்.

பள்ளமே சிரித்துவிட்டது. கெட்ட தண்ணீர்தானே வேண்டும், அதற்கு இங்கே என்றைக்குப் பஞ்சம்? குடங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேசம்மா மோகனாவின் தலையைத் தடவி, "கொஞ்ச நாள் பொறுத்துக்கோடி, நம்மூட்டு வாசல்லயே கொட்டப் போவுது" என்றாள்.

ஆபீசர் வருகிற அன்றைக்குப் பள்ளம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கூட்டிப் பெருக்கினார்கள், கோலம் போட்டார்கள், தேசம்மா வளை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதன்மேல் துவைத்த துண்டு ஒன்றை விரித்தார்கள். நாற்றத்தைப் பார்க்க வருகிறவனுக்கு ஊதுவத்தி வேறு. பக்கத்து மரத்துக் காக்கை லில்லிபுஷ்பம் மட்டும், "ஏன்டி தேசம்மா, குப்பையை அப்டியே உட்டு வெச்சா ஆவாதா?" என்று கேட்டாள்.

"ஊட்டுக்கு வர்றவங்க முன்னாடி எப்டிக்கா அப்டி வெக்கறது" என்றாள் தேசம்மா. லில்லிபுஷ்பத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் இறங்கி வந்து இரண்டு குச்சியைப் பொறுக்கிப் போட்டாள்.

ஆபீசர் ஒரு கொக்கு. வெள்ளை வெளேரென்று வந்தார், கையில் ஒரு கண்ணாடி பாட்டில். பம்பைச் சுற்றி இருந்த சேற்றைப் பார்த்ததும் அப்படியே ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். முட்டையிலிருந்து வெளியே வந்த நாளாகச் சேற்றில் நின்று மீன் பிடித்தவர்தான். ஆபீஸ் நேரத்தில் மட்டும் அவருக்குச் சேறு ஒத்துக்கொள்ளாது. முறைப்படி அவர்தான் பம்பை அடித்துத் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தேசம்மாவின் பேரைக் கேட்டுப் பாட்டிலில் எழுதி ஒட்டி அவளிடமே நீட்டினார். "நீயே புடிச்சுக் குடுத்துடும்மா. நீ யாரு, பொய்யா புடிக்கப் போறே?"

தேசம்மா பம்பை அடித்தாள். இருமியது, ஏப்பம் விட்டது, மஞ்சளாக வந்தது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு புழு நெளிந்து நெளிந்து நீந்திக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற புழுதான், ஆனால் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்ததில்லை. பாட்டிலின்மேல் அவள் பேரை எழுதி ஒட்டியிருந்தது. இது மேட்டுக்குப் போகும், பத்துப் பேர் பார்ப்பார்கள். தேசம்மா வீட்டுத் தண்ணீராம், குடம் தேய்க்காதவளாம் என்று சிரிப்பார்கள். அதோடு, ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து பாத்திரத்தை நீட்டுகிறார். நீட்டினவர் கையில் புழுவைக் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பம்பைத்தான் அவரே கண்ணால் பார்க்கிறாரே, நாற்றமும் அடிக்கிறதே, கெட்ட தண்ணீர் என்று தெரிய இது போதாதா என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விருந்தாளிக் குடத்தைச் சாய்த்தாள். மோகனாவுக்கென்று அடியில் கொஞ்சம் இருந்தது, அது அப்படியே பாட்டிலுக்குள் போய்விட்டது. "லாரி இன்னிக்கோ நாளைக்கோ வந்துரும்டி" என்று பிள்ளையின் உதட்டைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கொக்கு பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். தேசம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துப் போனது. அடிப் பைத்தியக்காரி, வேறு என்ன சொல்ல?

முடிவை மேட்டு மயில் ஒலிபெருக்கியில் வாசித்தது. காட்டிலேயே சுத்தமான தண்ணீர் பள்ளத்துத் தண்ணீர்தானாம். மேட்டில் ராஜா குடிக்கிற ஊற்றைவிட ஒரு படி மேலாம். ஆகவே கிளைக் குழாய் தேவையில்லை. இவ்வளவு நல்ல தண்ணீரை வாசலில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு லாரி எதற்கு? லாரியும் நின்றது. எருமை அதைக் காண்டாமிருகத்தின் புல்தரைக்கு ஓட்டிக்கொண்டு போனது.

"இன்னாடி குடுத்தே அந்த ஆளாண்ட?" என்று லில்லிபுஷ்பம் கேட்டாள். தேசம்மா சொன்னாள். லில்லிபுஷ்பம் இரண்டு இறக்கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னைச் சொல்லி இன்னா பண்றது. எங்கூட்டாண்ட வந்திருந்தா நானும் அதத்தான் குடுத்திருப்பேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

தேசம்மா மெம்பரிடம் ஓடினாள். நடந்ததைச் சொல்லி, "இன்னொரு தபா வந்து புடிக்கச் சொல்லுண்ணே" என்று கெஞ்சினாள்.

தணிகாசலம் நாற்காலியை விடாமலே திரும்பிப் பார்த்தார். "வாரியமே நல்ல தண்ணின்னு சொல்லியாச்சு. இப்ப நீ வந்து கெட்ட தண்ணின்னா எப்படிம்மா? பாட்டில்ல இருந்தது உன் வீட்டுத் தண்ணிதானே?"

"எங்கூட்டுத் தண்ணிதாண்ணே. ஆனா நாங்க குடிக்கிறது இல்லை."

"நல்ல தண்ணியை வெச்சுக்கிட்டுக் குடிக்காம இருந்தா அது உங்க கொழுப்பு" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்.

குடம் காய்ந்து கிடந்தது. அக்கம்பக்கத்துக் குடங்களும் அவரவர் பிள்ளைகளுக்கே ஆகி முடிந்துவிட்டன. தேசம்மா வேறு வழியில்லாமல் பம்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப வடிகட்டிக் காய்ச்சிக் கொடுத்தாள். மஞ்சள் தண்ணீரைக் காய்ச்சினால் சூடான மஞ்சள் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவுதான். மோகனாவுக்குக் கண் குழி விழுந்தது. உதடு வெடித்தது. அழ வாயைத் திறந்தாலும் கண்ணீர் வரவில்லை. மூத்தது கடைசியில் இப்படித்தான் கிடந்தது என்பது தேசம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ராத்திரியெல்லாம் பிள்ளையின் வயிற்றில் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ராஜா பள்ளத்துக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. காட்டிலேயே சுத்தமான தண்ணீரை அவரே நேரில் ஒரு டம்ளர் குடித்துக் காட்டப் போகிறாராம். டம்ளரை எடுத்துக் கொடுக்கிற பாக்கியம் தேசம்மாவுக்காம், அவளுக்குப் பொன்னாடையும் உண்டாம். பந்தல் போட்டார்கள், பேனர் வைத்தார்கள். பேனரில் ராஜா பம்பை அடிப்பது போலவும் தண்ணீர் நீல நிறத்தில் கொட்டுவது போலவும் படம் இருந்தது.

விழாவன்று மெம்பர் முன்னாலேயே வந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் நாற்காலியை விட்டிருந்தார். மடியிலிருந்து சீல் உடைக்காத ஒரு பெரிய பாட்டிலை எடுத்து, யாரும் பார்க்காமல் தேசம்மாவிடம் கொடுத்தார். "மேட்டு ஊத்துத் தண்ணி. ராஜா கேட்டதும் பம்பை ரெண்டு அடி சும்மா அடி. டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போ. இதை ஊத்திக் கொண்டாந்து குடு. புரிஞ்சுதா?"

"அண்ணே, பம்புத் தண்ணிதான் நல்ல தண்ணியாச்சே" என்றாள் தேசம்மா.

தணிகாசலம் பந்தல் காலைப் பார்த்தார். "நல்ல தண்ணிதான். இருந்தாலும் ராஜா வயிறு, ஒரு முன்ஜாக்கிரதை" என்றார்.

தாரை தப்பட்டை முழங்க ராஜா வந்து இறங்கினார். நாற்றம் தாங்காமல் மூச்சை அடக்கிக்கொண்டே சிரித்தார். மயில் பேசியது, மெம்பர் பேசினார், கொக்கு ஆபீசர் சுத்தத்தைப் பற்றிப் பேசினார். தேசம்மா பாட்டிலோடு வளைக்குள் நின்றுகொண்டிருந்தாள். மோகனா கண்ணைத் திறக்காமலே, "ம்மா, தண்ணி" என்றாள்.

ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் பாட்டில். வெளியே விருந்தாளி, அதுவும் எப்பேர்ப்பட்ட விருந்தாளி. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் அவள் கையைப் பிடித்து இழுத்தது. மூடியைத் திருகினாள், முகர்ந்து பார்த்தாள். அதற்கு ஒரு வாசனையும் இல்லை. இப்படி ஒன்று மேட்டில் கொட்டிக் கிடக்கிறது, புல்லுக்குக்கூட ஊற்றுகிறார்கள். தேசம்மாவுக்கு அதுவரைக்கும் துக்கம்தான் இருந்தது, வெட்கம்தான் இருந்தது. அப்போதுதான் முதல்தடவையாகக் கோபம் வந்தது. வந்த கோபத்தோடு பாட்டிலை மோகனாவின் வாயில் வைத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே மடக் மடக்கென்று குடித்தது. மிச்சத்தைச் சாக்குக்கு அடியில் ஒளித்தாள். புளி போட்டு டம்ளரைப் பளபளவென்று தேய்த்தாள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெளியே வந்தாள். எல்லாரும் பார்க்கப் பம்பை அடித்து, டம்ளர் நிறையப் பிடித்து, இரண்டு கையாலும் ராஜாவிடம் நீட்டினாள்.

மெம்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தார். மைக் முன்னால் நின்றது. என்ன சொல்வது? அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றா? வாயை மூடிக்கொண்டு பந்தல் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எவர்சில்வர் டம்ளருக்குள் எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரிதான் தெரியும். ராஜா மூச்சை அடக்கியிருந்ததால் வாடையும் தெரியவில்லை. ஒரு மடக்குக் குடித்தார். அவர் கண் ஒரு தடவை பெரிதாகி அடங்கியது. துப்பலாமா என்று பார்த்தார், எதிரே காட்டு ஜனம் மொத்தமும் நின்றது. படம் எடுக்க வந்த குரங்கு, "சரியா விழலை ராஜா, இன்னொரு மடக்கு" என்றது. இன்னொரு மடக்கு. "சிரிச்ச மாதிரி ஒண்ணு." அதற்கும் ஒரு மடக்கு. டம்ளர் காலியானது. "தேன் மாதிரி இருக்கிறது" என்று ராஜா தழுதழுத்த குரலில் சொன்னார். பள்ளத்து ஜனம் கை தட்டியது, கொஞ்சம் அதிகமாகவே தட்டியது. தேசம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அன்று சாயங்காலமே ராஜாவின் குளத்துப் பக்கம் யாரும் போக முடியவில்லை. கர்ஜனை என்று நினைத்தார்கள் சிலர், அது வேறு சத்தம். மேட்டில் அவசரக் கூட்டம் கூடியது. தண்ணீர் சுத்தம் என்று வாரியமே சொல்லியிருக்கிறது, ராஜாவே தேன் என்று சொல்லியிருக்கிறார், ஆகவே தண்ணீரில் குற்றம் இருக்க முடியாது. மெம்பர் எழுந்து, "டம்ளர்தான் அழுக்கு" என்றார். அவருக்கு உண்மை தெரியும், அதனால்தான் முதலில் எழுந்தார். பள்ளத்தில் வீட்டுக்கு ஒரு டம்ளர் இலவசமாகக் கொடுப்பதென்று தீர்மானம் ஆனது. டம்ளரில் ராஜாவின் முகம் இருந்தது. கூடவே, வெளியே சொல்லாமல் இன்னொரு உத்தரவும் போட்டார்கள். இனி பள்ளத்துக்குப் போகிற பெரியவர்கள் தங்களுக்கும் தங்கள் பரிவாரத்துக்கும் வேண்டிய தண்ணீரைப் பெட்டி பெட்டியாகக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அந்த உத்தரவை லில்லிபுஷ்பம் ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள். சாக்குக்கு அடியில் இருந்த தண்ணீரில் மோகனா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தேசம்மா காக்கை சொன்னதைக் கேட்டாள், தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள், அதைத் துவைத்துக் காயப் போட்டாள்.

பள்ளத்தில் அதற்குப் பிறகு யாரும் சாலையில் உட்காரவில்லை. பாராட்டு விழா நடத்தினார்கள். நல்ல தண்ணீர் கொடுத்த கொக்கு ஆபீசருக்குப் பாராட்டு. டம்ளர் கொடுத்த மெம்பருக்குப் பாராட்டு. புல்லை வளர்த்ததற்குக் காண்டாமிருகத்துக்கு, குரல் வளத்துக்கு மயிலுக்கு, மேட்டில் பிறந்ததற்காகவே நாலைந்து குட்டி யானைகளுக்கு. கூப்பிட்டு ஒருத்தரும் வராமல் இருந்ததில்லை. பெட்டி பெட்டியாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், மாலையும் கழுத்துமாகத் திரும்பிப் போனார்கள். பெட்டிகள் மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிடும். எல்லாருக்கும் அதே ஒரு பொன்னாடைதான். போர்த்திப் படம் எடுத்ததும் மடித்துத் தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள், போகிற குஷியில் ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை.

விருந்தாளிக் குடம் இன்றைக்கும் வளைக்கு வளை மூலையில் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதிலிருந்து விருந்தாளிக்கு மட்டும் யாரும் கொடுப்பதில்லை. மோகனா இப்போது ஓடி விளையாடுகிறாள். மேட்டுப் பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் அம்மா தண்ணி என்று கேட்கும். மோகனா ஓடி வந்து, "ம்மா, இன்னிக்கு யாருக்குமா பாராட்டு?" என்று கேட்கிறாள்.

நீதி: தாகம் எடுத்தால் மனு எழுதாதே, பொன்னாடை போர்த்து.